சாக்கு கழித்த எடை

போன மாதம் நாகமலை புதுக்கோட்டையிலிருந்து இரண்டு இளைஞர்கள் என்னைத் தேடி வந்தார்கள். இருவரும் பள்ளிகளில் மல்யுத்தம் சொல்லித்தரும் உடற்கல்வி ஆசிரியர்கள். அவர்கள் நடத்தும் ஒரு கூட்டத்தில் நான் பேச வேண்டுமாம். போட்டி நடக்காத மாதங்களில் மாணவர்களிடம் நாம் எதை எதிர்பார்க்கலாம் என்பது தலைப்பு. ஒருவர் தன் கைப்பேசியைக் காட்டினார். எந்தப் பையன் எவ்வளவு தூங்கினான், எவ்வளவு புரதம் தின்றான், எத்தனை கிலோ தூக்கினான் என்று எல்லாம் அதில் வந்து விழுகிறது. "உங்க காலத்துல என்ன சார் பண்ணுவீங்க?" என்றார். மேடையில் நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும், எழுதித் தருகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்தபோது, எதிர்பார்ப்புகளைப் பற்றி எழுத நினைத்த கை ஒரு தராசைப் பற்றித்தான் எழுதியது.

எழுபதுகள் முடியப்போகும் நேரத்தில் அலங்காநல்லூர் பக்கம் ஒரு பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டு, கரும்பு வெட்டி என்னைப் படிக்க வைத்தார்கள். உடற்பயிற்சிக் கல்லூரியில் மல்யுத்தம் கற்றேன், சான்றிதழ் வாங்கினேன், வந்துவிட்டேன். படித்ததையெல்லாம் முதல் வருடமே பையன்களுக்குள் இறக்கிவிட வேண்டும் என்ற வேகம் இருந்தது.

எனக்கு மேலே இருந்தவர் அருளானந்தம் சார். மூத்த உடற்கல்வி ஆசிரியர். மதுரை கே.கே. நகரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். ஒல்லியான உடம்பு. கழுத்தில் விசில் தொங்கும், ஆனால் அவர் அதை ஊதி நான் கேட்டதில்லை. மைதானத்தின் ஓரத்தில் போய் நிற்பார். பையன்கள் தாமாகவே ஓடி வந்து நிற்பார்கள். ஆறாம் வகுப்புப் பையனைக்கூட நீங்க, வாங்க என்றுதான் கூப்பிடுவார். யாரையும் கை நீட்டி அடித்ததில்லை. ஆனால் அவர் வேண்டாம் என்று சொன்னால் அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது. இரண்டாம் தடவை கேட்டால் அதே வார்த்தையை அதே குரலில் சொல்வார். மூன்றாம் தடவை கேட்க யாருக்கும் தெம்பு இருக்காது.

எங்கள் பள்ளியில் மல்யுத்தத்துக்கு எட்டுப் பத்துப் பையன்கள் இருந்தார்கள். செம்மண் களம் ஒன்று. மாவட்டப் போட்டி ஆடி முடிந்து வரும். அதில் தேறினால் மாநிலப் போட்டி. தை மாதத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். அதற்குப் பிறகு வரும் மாதங்களைப் பையன்கள் "சும்மா சீசன்" என்பார்கள். அந்தச் சும்மா சீசனைத்தான் நான் ஒரு கை பார்ப்பது என்று முடிவு செய்தேன். விடிகாலை ஓட்டம், தண்டால், பஸ்கி, தினம் இரண்டு முட்டை, பால், ஊறவைத்த பாதாம், பகலில் கட்டாய ஓய்வு என்று ஒரு பெரிய திட்டத்தை அருளானந்தம் சாரிடம் ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டார்.

"நல்லா இருக்கு தம்பி. பாதாம் அலங்காநல்லூர்ல எந்தக் கடையில கிடைக்குது?"

பாதாமை விட்டுவிடலாம் என்றேன்.

"பகல்ல ஓய்வுன்னீங்க. கரும்பு வெட்டுற நாள்ல உங்க வீட்டுல பகல்ல யாரு ஓய்வா இருந்தா?"

எங்கள் வீட்டைப் பற்றி அவருக்கு நான் சொன்னதே இல்லை. என் உள்ளங்கையைப் பார்த்துத் தெரிந்துகொண்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

அவருடைய முறை வேறு. கோடை விடுமுறைக்கு முன்னால் ஒவ்வொரு மல்யுத்தப் பையனின் வீட்டுக்கும் நடந்து போவார். அந்த வருடம் என்னையும் கூட்டிப்போனார். பையனை நிறுத்தி, அம்மா அப்பா இருவரையும் உட்கார வைத்து, பையன் செய்ய வேண்டியதை வாய்மொழியாகச் சொல்வார். பிறகு அம்மாவைப் பார்த்து, "நீங்க ஒரு தடவை சொல்லுங்கம்மா" என்பார். அம்மா திருப்பிச் சொல்ல வேண்டும். விட்டுப்போனதைச் சொல்லிக்கொடுத்து மறுபடியும் கேட்பார். படிக்கத் தெரியாத வீடுகளில் இது வேலை செய்தது. படித்த வீடுகளில் இன்னும் நன்றாக வேலை செய்தது, ஏனென்றால் அவர்கள் வெட்கப்பட்டே மறக்காமல் இருந்தார்கள்.

சோனைமுத்து வீட்டுக்குப் போன நாள்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். சோனை அந்தக் கோடை முடிந்தால் பதினொன்றாம் வகுப்பு. எங்களிடம் இருந்த பையன்களிலேயே கெட்டிக்காரன். முந்தைய வருடம் நாற்பத்தைந்து கிலோ பிரிவில் மாவட்டத்தில் கடைசிச் சுற்று வரை போய்த் தோற்றவன். வளர்ந்துவிட்டதால் வரப்போகும் போட்டிக்கு நாற்பத்தெட்டு கிலோ பிரிவு என்று முடிவு செய்திருந்தோம். அவன் அப்பா பெரியகருப்பன் கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்குப் பார்த்துக்கொண்டு, மற்ற நாட்களில் கரும்பு வெட்டப் போகிறவர்.

"சார், எதை வேணும்னாலும் சொல்லுங்க. கரும்பு வெட்டப் போகக் கூடாதுன்னு மட்டும் சொல்லிராதீக. அவன் கூலியும் வந்தாத்தான் அடுப்பு எரியும்."

"போகட்டும். வெட்டட்டும். கட்டைத் தலையில மட்டும் வைக்க வேண்டாம். கழுத்து நமக்கு வேணும். தோள்ல வைக்கட்டும். ஒரு நடைக்கு இந்தத் தோள், அடுத்த நடைக்கு அந்தத் தோள்."

"சரி."

"காலையில வாய்க்கால் கரையில ஓடணும். கோயில் திருவிழாவுக்குப் பரிசு வச்சுக் குஸ்தி நடத்துனா அதுக்குப் போகக் கூடாது. மாடு பிடிக்கவும் கூடாது."

பெரியகருப்பன் எழுந்தே விட்டார். "மாடு பிடிக்கக் கூடாதா? என்ன சார் இப்படிச் சொல்றீக! இந்த ஊர்ல பிறந்தவன் வாடிவாசல்ல நிக்காம?"

"மாட்டுக்கு எடைப் பிரிவு கிடையாதுங்க. நாப்பத்தெட்டு கிலோ மாடு எதிர்க்க வந்தா நானே இவரை அனுப்பி வைக்கிறேன்."

பெரியகருப்பன் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். பிறகு அருளானந்தம் சார் எடையைப் பற்றிச் சொன்னார். வாரம் ஒரு தடவை எடை பார்க்க வேண்டும், நாற்பத்தெட்டைத் தாண்டக் கூடாது. சோனையின் அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை.

"எடை எடைங்கிறீகளே, பிள்ளையப் பட்டினி போட்ருவீகளா?"

"ஒரு வேளைகூடப் பட்டினி போட மாட்டேம்மா. தண்ணியும் நிறுத்த மாட்டேன். வளர்ற பிள்ளை. நான் சொன்னாச் சொன்னதுதான்."

அம்மா எல்லாவற்றையும் திருப்பிச் சொன்னார். கடைசியில், "பட்டினி போட மாட்டேன்னு சார் சொல்லிருக்காக" என்பதையும் சேர்த்துச் சொன்னார். சார் தலையசைத்தார்.

நாங்கள் கிளம்பும்போது பெரியகருப்பன் சாரிடம் சொன்னார்: "ஒண்ணு சொல்லிப்புடறேன் சார். இவன் மாமன் திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கான். ஆள் கேக்குறான். இந்த வருசம் பந்தயத்துல ஜெயிச்சு மாநிலத்துக்குப் போனான்னா படிக்கட்டும், காலேஜ்ல எடம் கிடைக்கும்னு நீங்க சொல்றீக. தோத்தான்னா படிப்பு போதும். தையில திருப்பூருக்கு ஏத்தி விட்ருவேன். அப்புறம் என்னைக் கோவிச்சுக்கக் கூடாது."

சோனை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அன்றிலிருந்து அவன் ஓடிய ஒவ்வொரு ஓட்டமும் திருப்பூர் பஸ்ஸுக்கு எதிராக ஓடியதுதான்.

எடை பார்ப்பதற்குப் பள்ளியில் தராசு கிடையாது. மதுரை ரயில் நிலையத்தில் காசு போட்டால் அட்டை கொடுக்கும் இயந்திரம் இருந்தது. பையன்களுக்கு அதுதான் பிடிக்கும், ஏனென்றால் அட்டையின் பின்னால் ஜோசியம் இருக்கும். அருளானந்தம் சார் அதை நம்பவில்லை. "அது உங்க குணத்தையும் சேர்த்துச் சொல்லுது. எடையை மட்டும் சொல்ற தராசாப் பார்ப்போம்" என்றார். ஊரில் அப்படி இருந்தது அரிசி ஆலைத் தராசு ஒன்றுதான். கம்பி மேல் குண்டை நகர்த்தி எடை பார்க்கும் பெரிய மேடைத் தராசு. சர்க்கார் முத்திரை போட்டது. எடை போடுகிறவர் சுப்பையா, முப்பது வருடமாக அங்கே நெல் மூட்டை நிறுக்கிறவர். ஞாயிற்றுக்கிழமைகளில் பையன்களுக்கு எடை போட்டுச் சொல்லும்படி சார் கேட்டார். சுப்பையாவுக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

பையன்கள் சட்டையைக் கழற்றிவிட்டு மூட்டைகளுக்கு நடுவே வரிசையில் நிற்பார்கள். சுப்பையா, "அடுத்த மூட்டை ஏறு!" என்பார். குண்டை நகர்த்துவார், கம்பி நின்றதும் உதடு லேசாக அசையும், பிறகு ஆலைக்கே கேட்கும்படி எடையைக் கூவுவார். பையன்களில் ரஃபீக் என்று ஒருவன். சைக்கிள் கடைக்காரர் மகன், சோனைக்கு உயிர்ச் சிநேகிதன், ஐம்பத்தொரு கிலோ பிரிவு. அவன் ஏறினால் சோனை பின்னாலிருந்து கத்துவான்.

"அண்ணே, அவன் தலையைத் தட்டிட்டு நிறுங்க. தவிடு நிறைய இருக்கு."

"நீ ஏறும்போது கல்லு பொறுக்கச் சொல்றேண்டா மாப்ள."

நானும் ஒரு நாள் ஏறிப் பார்த்தேன். கல்லூரியில் இருந்ததைவிட ஒரு கிலோ குறைந்திருந்தது. பையன்களோடு ஓடியதன் பலன் என்று மகிழ்ச்சியாக வீட்டுக்குப் போனேன்.

சோனை கோடை முழுக்கக் கரும்பு வெட்டினான். தோளை மாற்றி மாற்றித்தான் கட்டுச் சுமந்தான் என்று கூட வேலை செய்தவர்கள் என்னிடம் கேலியாகச் சொன்னார்கள். "உங்க பய கட்டைத் தூக்கிட்டு நின்னு யோசிக்கிறான் சார், போன நடை எந்தத் தோளுன்னு." மஞ்சுவிரட்டு நடந்த நாளில் வேலிக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அதைப் பார்த்த அவன் பெரியப்பா மகன் ஒருத்தன் வளையல் வாங்கித் தரட்டுமா என்று கேட்டிருக்கிறான். சோனை அதற்கும் வேலிக்குள் கால் வைக்கவில்லை. பள்ளி திறந்த பிறகு களத்தில் அவனைப் பிடித்தபோது எனக்கே வித்தியாசம் தெரிந்தது. பிடி இரும்பாக இருந்தது. போட்டிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை சுப்பையா கூவினார்: "நாப்பத்தேழரை!"

மாவட்டப் போட்டி மதுரையில் ஒரு பள்ளி மைதானத்தில் நடந்தது. காலையில் பஸ் நிலையக் கடையில் சார் எல்லோருக்கும் இட்லி வாங்கிக் கொடுத்தார். சோனை நான்கு சாப்பிட்டான். எடை பார்ப்பது ஒரு வகுப்பறையில். லங்கோட்டோடு சோனை ஏறினான்.

"நாப்பத்தெட்டரை" என்றார் நடுவர்.

இறங்கி மறுபடி ஏறச் சொன்னார். அதே எடை. இட்லிதான் காரணம் என்று நான் முதலில் நினைத்தேன். நான்கு இட்லி ஒரு கிலோ இருக்காது. அடுத்து ரஃபீக் ஏறினான். ஐம்பது என்றார்கள்.

"சார், மில்லுல நான் நாப்பத்தொம்பதுல்ல?"

அதற்கடுத்த பையனுக்கும் ஒரு கிலோ கூடியிருந்தது. அதற்கடுத்தவனுக்கும். எல்லோருக்கும் சரியாக ஒரே ஒரு கிலோ. மற்றவர்கள் அவரவர் பிரிவுக்குள் தாராளமாக இருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. விளிம்பில் நின்றவன் சோனை மட்டும்தான்.

சோனை மெதுவாகச் சொன்னான்: "சார், சுப்பையாண்ணே கம்பி நின்னதும் வாய்க்குள்ள எதையோ கழிச்சுட்டுத்தான் சத்தமாச் சொல்வாரு. மூட்டைக்குச் சொல்ற மாதிரியே."

நெல் மூட்டை நிறுக்கும்போது சாக்கின் எடைக்கு ஒரு கிலோ கழித்துச் சொல்வது ஆலை வழக்கம். முப்பது வருடம் அப்படியே சொன்ன வாய். பையன்களுக்கும் சாக்கு கழித்தே சொல்லியிருக்கிறது. மறுநாள் நான் போய்க் கேட்டபோது சுப்பையா தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "கழிக்காம எடை சொல்ல எனக்கு வாய் வராதே சார்" என்றார். அந்த மனிதரை நான் எதைச் சொல்லித் திட்டுவது?

அது மறுநாள் கதை. அன்றைக்கு எங்கள் முன்னால் இருந்தது அரைக் கிலோ. எடை பார்ப்பதை முடிக்க இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. மைதானத்தில் வேறு பள்ளிப் பையன்கள் சிலர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார்கள். ஓடி ஓடி வந்து சுவர் ஓரம் எச்சில் துப்பினார்கள். எடை கூடிப்போனவர்கள் செய்யும் வேலை அது. என் கல்லூரியிலும் செய்வார்கள்.

"சார், அரைக் கிலோதான். வேர்த்தே போயிரும். கம்பளி நான் வாங்கிட்டு வாரேன்" என்றேன்.

"ஓடுறேன் சார்" என்றான் சோனை. அவன் ஏற்கெனவே மைதானத்தைப் பார்த்துத் திரும்பிவிட்டான்.

"வேண்டாம்" என்றார் அருளானந்தம் சார்.

"சார், அவன் படிப்பு சார். திருப்பூர்..."

"தெரியும் தம்பி. வேண்டாம்."

மூன்றாம் தடவை நான் கேட்கவில்லை. கேட்காமல் இருக்கப் பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது. அந்த நிமிடம் அவரை நான் வெறுத்தேன் என்றே சொல்லலாம்.

இனி ஒரே வழிதான். சோனை மேல் பிரிவில், ஐம்பத்தொன்றில் இறங்கலாம். ஆனால் ஒரு பள்ளிக்கு ஒரு பிரிவில் ஒரு பையன்தான். அந்த இடம் ரஃபீக்குடையது. சார் ரஃபீக்கைப் பார்த்தார்.

ரஃபீக் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தான். "சார், சும்மா குடுக்க மாட்டேன். பிடிச்சு வாங்கிக்கட்டும்."

"நீ குடுத்தாலும் சும்மா வாங்க மாட்டேண்டா. வா" என்றான் சோனை.

கட்டடத்துக்குப் பின்னால் நீளம் தாண்டும் மணல்குழி ஒன்று இருந்தது. ஆள் நடமாட்டம் இல்லை. நான் குழிக்குள் நின்று நடுவராக இருந்தேன். இரண்டு பேரும் எத்தனையோ முறை பிடித்தவர்கள், ஆனால் அன்றைக்கு இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. சோனை முதலில் பாய்ந்து காலைப் பிடித்தான். ரஃபீக் ஒற்றைக் காலில் குழி முழுக்கத் தத்தினான், விழவில்லை.

"மூச்சு வாங்குதாடா மில்லு மூட்டை?" என்றான் ரஃபீக்.

"உனக்குத்தாண்டா வாங்குது."

சோனை இடுப்பைச் சுற்றி வளைத்தான். அந்தப் பிடியில் சோனை ஜெயித்துவிட்டான் என்றே நினைத்தேன். ரஃபீக் தன் எடை முழுவதையும் அவன் மேல் தொங்கவிட்டான். கூடுதல் எடை என்றால் என்ன என்று அங்கே தெரிந்தது. சோனையின் முழங்கால் மணலில் இறங்கியது. ரஃபீக் கழுத்தோடு கையைச் சேர்த்துப் பூட்டி அவனைப் புரட்டினான். இரண்டு தோளும் மணலில் பட்டன. நான் தரையைத் தட்டினேன். தட்டிய கை எனக்கே பிடிக்கவில்லை.

ரஃபீக் எழுந்து கை நீட்டினான். சோனை கையைப் பிடித்து எழுந்தான். மாப்ள என்று ரஃபீக் ஏதோ ஆரம்பித்தான். "போடா. போய் ஜெயி" என்றான் சோனை. ரஃபீக் மைதானத்துக்கு ஓடினான்.

அப்போதுதான் பின்னாலிருந்து குரல் கேட்டது. "முடிஞ்சிருச்சா? தோத்துட்டானா?"

பெரியகருப்பன். வெளுத்த வேட்டி, சட்டை. முன் வாசல் தெரியாமல் பின் வாசல் வழியாக வந்திருக்கிறார். மணல்குழியைச் சுற்றிப் பார்த்தார். "இம்புட்டுத்தானா பந்தயம்? பாக்க ஆளே இல்ல?"

நான் வாயைத் திறக்கும் முன்னால் அருளானந்தம் சார் முன்னே போனார். எதையும் மறைக்காமல் நடந்ததை வரிசையாகச் சொன்னார். மில் தராசு, சாக்கு, அரைக் கிலோ, ரஃபீக்கின் இடம். இது பந்தயம் இல்லை என்றும், பந்தயத்தில் சோனை இறங்கவே முடியாது என்றும் சொன்னார். கடைசியில், "அந்தத் தராசை நம்பினது நான். ஓட வச்சு இறக்கியிருக்கலாம், வேண்டாம்னதும் நான்தான். கோவம் இருந்தா என் மேல வைங்க. அவர் மேல வேண்டாம்" என்றார்.

சோனை உடம்பில் ஒட்டிய மணலைத் துடைக்காமல் நின்றான்.

"சாக்கு கழிச்சா போட்டான்?" என்றார் பெரியகருப்பன்.

"ஆமாங்க."

"எங்க நெல்லுலதான் கழிக்கிறான்னு பாத்தேன். பெத்த பிள்ளையிலயுமா கழிச்சுட்டான்?" அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டென்று நிறுத்திவிட்டு மைதானத்துப் பக்கம் பார்த்தார். கம்பளிக்குள் ஓடிய பையன் ஒருவன் வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு ஓங்கரித்துக்கொண்டிருந்தான்.

"அந்தப் பிள்ளைக்கு என்ன சார், காய்ச்சலா?"

"இல்லைங்க. எடையை இறக்குறாங்க. நான் வேண்டாம்னது அதைத்தான்."

பெரியகருப்பன் அந்தப் பையனையே பார்த்துக்கொண்டு நின்றார். "டேய், காலையில சாப்பிட்டியா?" என்று திரும்பாமலே கேட்டார்.

"நாலு இட்லிப்பா."

"ம்." துண்டை எடுத்து மகன் முதுகில் இருந்த மணலைத் தட்டினார், கொஞ்சம் பலமாகவே. பிறகு சாரிடம் கேட்டார்: "சரி சார். அடுத்த வருசப் பந்தயத்துக்கு இவன் எம்புட்டு எடை இருக்கணும்?"

சோனை தலையைத் தூக்கி அப்பாவைப் பார்த்தான். என்ன கேட்டார் என்று எங்கள் மூவருக்குமே புரிந்தது. அருளானந்தம் சார் விசில் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டு நின்றார்.

"எம்புட்டு வளர்றாரோ அம்புட்டு இருக்கட்டும். பிரிவை நாங்க பாத்துக்கிறோம்."

"அப்ப அவங்காத்தாட்ட ஒரு களி உருண்டை கூடப் போடச் சொல்றேன்" என்றார் பெரியகருப்பன். "வாடா, அந்த ரஃபீக் பய பிடிக்கிறதைப் பாப்போம். எந்தப் பக்கம் சார்?"